ஒட்டுக்கா இருக்க ஒரு பத்திரம் வேணும்

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து என் மச்சினர் மகள் வந்திருந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை, வயசு இருபத்தேழு. வந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் இருந்ததைவிட வடக்குத் தோட்டத்துச் சாளையில்தான் அதிகம் இருந்தாள். அங்கே எங்கள் அத்தையும் இன்னும் இரண்டு பெண்களும் குடியிருக்கிறார்கள். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் கேட்டாள்: "மாமா, வெளிநாட்டுல பொம்பளைங்க மட்டும் சேந்து நிலம் வாங்கி, வீடு கட்டி, விவசாயம் பண்ணிட்டு இருப்பாங்களே. அந்த மாதிரி கம்யூனா இது?"

அத்தை பால் கேனைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. நாங்க மூணு பேரும் ஒட்டுக்கா இருக்கறோம், அவ்வளவுதான்."

ஒட்டுக்கா என்றால் எங்கள் பக்கம் 'ஒன்றாக, சேர்ந்து' என்று அர்த்தம். பிள்ளை சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி மனசைவிட்டுப் போகவில்லை.

டவுனில் இருக்கிற நண்பர்கள் பலபேர் கென்யாவில் இருக்கிற உமோஜா கிராமத்தைப் பற்றி வீடியோ பார்த்திருப்பீர்கள். 1990-ல் ரெபேக்கா லோலோசோலி என்பவர் முன்னால் நிற்க, சம்புரு இனத்துப் பெண்கள் அடிக்கும் அவமானத்துக்கும் தப்பி வந்து உண்டாக்கிய ஊர். ஆண்கள் அங்கே குடியிருக்க முடியாது. மணிமாலை கோத்து விற்றுப் பிழைக்கிறார்கள். பார்த்துவிட்டு நாமெல்லாம் ஆச்சரியப்படுகிறோம். ஆனால் அந்த மாதிரி வாழ்க்கைக்கு நம் ஊர்ப் பெண்களுக்கு என்ன தடை என்று யோசிப்பதில்லை. என் அனுபவத்தில் அந்தத் தடை பெரும்பாலும் ஒரு காகிதம்தான். அந்தக் காகிதத்தில் எங்கள் குடும்பத்தின் கையும் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கிணத்துக்கடவுக்குத் தெற்கே இருக்கிறது. தக்காளியும் தென்னையும் சோளத்தட்டும்தான் பிழைப்பு. கொங்கு நாட்டில் எல்லா வீடும் ஊருக்குள் நெருக்கியடித்து இருக்காது. பாதிப்பேர் அவரவர் தோட்டத்திலேயே சாளை போட்டுக் குடியிருப்பார்கள். பக்கத்து வீடு என்றால் இட்டேரியில் கால் மைல் நடக்க வேண்டும். வீட்டுக்குப் பத்துப் பேர் இருந்த காலத்தில் அது சௌகரியம். இப்போது பிள்ளைகள் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். சாளையில் ஒரு கிழவி, ஒரு நாய், ஒரு டிவி. பல்லடம் பக்கம் 2024 கடைசியிலும், சிவகிரி பக்கம் 2025-லும் தோட்டத்து வீட்டில் இருந்தவர்களைக் கொன்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அதற்கப்புறம் எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் கதவைத் திறக்கவே யோசிக்கிறார்கள்.

வசதியுள்ளவர்களுக்கு வழி இருக்கிறது. கோயமுத்தூரைச் சுற்றி முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகள் எத்தனையோ வந்துவிட்டன. சாப்பாடு, டாக்டர், காவலாளி எல்லாம் உண்டு. சில பத்து லட்சங்கள் இருந்தால் போய்விடலாம். காடு மேடெல்லாம் உழைத்துவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிற பெண்ணுக்கு என்ன வழி?

இனி அத்தை கதைக்கு வருகிறேன்.

அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1976-ல். அப்போது வயசு பத்தொன்பது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளுக்கு இணைச்சீர் என்று பெரிய மரியாதை உண்டு. உன்னை மறக்க மாட்டேன் என்று அண்ணன் தம்பிகள் சபையில் காட்டுகிற சடங்கு அது. என் அப்பா கல்யாணத்தில் அந்தச் சீரைச் செய்தது இந்த அத்தைதான். தாத்தா 1991-ல் உயில் எழுதாமல் இறந்துபோனார். 1994-ல் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தார்கள். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாத்தாவின் பங்கில் மகளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் அத்தையைக் கூட்டி வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பதிமூன்று வயசு. பத்திர ஆபீஸ் வேலை முடிந்ததும் எல்லோருக்கும் ஓட்டலில் சாப்பாடு. அத்தைக்கு ஒரு பட்டுச் சீலையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். அத்தை சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டார். "அண்ணனுகளுக்குப் போறதுதானே" என்றார். யாரும் மிரட்டவில்லை. மிரட்டுகிற அளவுக்கு அவசியமே வரவில்லை என்பதுதான் விஷயம்.

2001-ல் மாமா தவறிவிட்டார். புகுந்த வீட்டில் இடம் இல்லை என்று ஆனதும், வெள்ளைச் சீலையோடும் பெண்பிள்ளையோடும் எங்கள் வீட்டுக்கே வந்தார். பதினெட்டு வருஷம் எங்களோடு இருந்தார். காலை நாலரைக்கு எழுந்தால் கட்டுத்தரை, பால், அடுப்பு, களை. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தோம். யாரும் அத்தையை ஒரு சொல் சொன்னதில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவருக்கென்று ஓர் அறை கிடையாது. மூட்டை அடுக்கிய ரூமில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பார். டிவியில் எந்தச் சேனல் என்றுகூட ஒரு நாளும் சொன்னதில்லை. விருந்து வந்தால் கடைசியில் சாப்பிடுவார்.

அப்பா 2017-ல் இறந்தபின் பட்டா மாற்றுவதற்காகப் பெட்டியைக் கிளறினேன். அந்த விடுதலைப் பத்திரம் கையில் கிடைத்தது. சட்டம் என்ன சொல்கிறது என்று பத்திரம் எழுதுகிறவரையும் ஒரு வக்கீலையும் கேட்டேன். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்கிற திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. அத்தை இரண்டு சட்டத்துக்கும் நடுவில் விழுந்துவிட்டார். "உங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லீங்க, தைரியமா இருங்க" என்று வக்கீல் சொன்னார். அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது எனக்கு ஞாபகம் வந்த இடம் பவுனார். 2011-ல் இயற்கை விவசாயக் கூட்டம் ஒன்றுக்கு வார்தா போனபோது, கூட வந்தவர்கள் சேவாகிராமம் பார்த்துவிட்டு அங்கேயும் கூட்டிப் போனார்கள். வார்தாவிலிருந்து கொஞ்ச தூரம், தாம் என்கிற ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது. ஜம்னாலால் பஜாஜின் பங்களாவாக இருந்த இடத்துக்கு 1938-ல் வினோபா பாவே குடிவந்தார். பிறகு பூதானத்துக்காக ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த காலத்தில், 1959 மார்ச் 25-ம் தேதி, அங்கே பிரம்ம வித்யா மந்திர் என்று பெண்களுக்கான சமூகத்தைத் தொடங்கினார். மகளுக்குப் பங்கு கொடுத்த நம் ஊர்ச் சட்டத்துக்கும் அதே மார்ச் 25. முப்பது வருஷ இடைவெளி. தற்செயல்தான், ஆனால் எனக்கு மறக்காது.

அங்கே பல மாநிலத்துப் பெண்கள் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறார்கள். விடியுமுன்னே பிரார்த்தனை. பிறகு தோட்ட வேலை, சமையல், கூட்டிப் பெருக்குவது, மாடு எல்லாம் அவர்களேதான். வேலைக்காரர் கிடையாது. தலைவி என்று ஒருவர் கிடையாது. எந்த முடிவானாலும் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஓட்டுப் போட்டு ஜெயிக்கிற கதை இல்லை. நான் போனபோது வயசான அம்மாக்கள் தரையில் உட்கார்ந்து காய் அரிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இந்தி அரைகுறை. என்ன பயிர், எத்தனை மாடு என்று மட்டும் பேசிக்கொண்டோம். நிலத்தைக் கொத்தும்போது கிடைத்த பழைய சிலைகளை அங்கேயே வைத்திருக்கிறார்கள். பரதனும் ராமனும் தழுவி நிற்கிற சிலை ஒன்று. அண்ணன் தம்பி பாசத்துக்கு அந்த இடத்தில் சிலை இருக்கிறது. வீட்டைச் சுற்றி நடமாடுவதெல்லாம் அக்கா தங்கைகள்.

பவுனாரை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பிரம்மச்சரியமும் உபநிஷதமும் எங்கள் அத்தைக்கு வேண்டாம். அவருக்கு வேண்டியது பிரஷர் மாத்திரையும், உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவும். பவுனாரிலும் நான் பார்த்தவரை வயசானவர்கள்தான் அதிகம், இளம் முகம் குறைவு. ஆனாலும் அறுபது வருஷத்துக்கு மேல் ஓர் இடம் நிற்கிறதென்றால் காரணம் இருக்க வேண்டும். எனக்குப் பட்டது இதுதான்: அங்கிருந்து அவர்களை 'எழுந்து போ' என்று சொல்ல எந்த அண்ணனுக்கும் மகனுக்கும் உரிமை இல்லை. அந்தத் தைரியத்தில்தான் ஒற்றுமையும் வருகிறது, சண்டை போட்டுவிட்டு மறுநாள் ஒன்றாகச் சாப்பிடவும் முடிகிறது.

2019-ல் என் பங்கிலிருந்து வடக்கால ஒரு ஏக்கரை அத்தை பேருக்குச் செட்டில்மென்ட் எழுதினேன். பெங்களூரில் இருக்கிற தம்பிக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் பேச்சு குறைவுதான். விவசாயம் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். எங்கள் பக்கம் தண்ணீர் இல்லாத ஏக்கருக்கு மதிப்பில்லை. அதனால் பத்திரத்தில் கிணற்றுப் பாத்தியம், வாரத்தில் இரண்டு நாள் மோட்டார் முறை, வண்டித்தடப் பாத்தியம் எல்லாம் எழுதினோம். பட்டாவும் தனியாக உட்பிரிவு செய்து அத்தை பேரில் வந்தது. பழைய கட்டுத்தரையை இடித்து இரண்டு ரூம், திண்ணை, கக்கூஸ் கட்டினோம். அத்தை அந்தப் பட்டாவை பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார்.

அத்தை தனியாக இருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். மூன்றாம் மாதமே என் ஒன்றுவிட்ட அக்கா வந்து சேர்ந்தார். புருஷன் வேறு குடித்தனம் போய் இருபது வருஷம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துத் தைத்துக் கண் மங்கிவிட்டது. அடுத்து வந்தவர் எங்கள் தோட்டத்தில் சின்ன வயசிலிருந்து வேலை செய்கிற, காலனியைச் சேர்ந்த ஒருவர். புருஷன் இல்லை, மகன் பெண்டாட்டியோடு போய்விட்டான். மழைக்கு அவர் வீட்டுச் சுவர் விழுந்த ராத்திரி அத்தைதான் கூப்பிட்டு வந்தார். இரண்டு நாளைக்கு என்று வந்தவர் அங்கேயே இருந்துவிட்டார்.

ஊரில் என்ன பேசினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். ஒரே அடுப்பு என்று தெரிந்ததும் என் அம்மா ஆறு மாதம் அந்தச் சாளையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நானும் யோக்கியன் இல்லை. என்னைவிட மூத்த அந்தப் பெண்ணைச் சின்ன வயசிலிருந்து பேர் சொல்லி, வா போ என்றே கூப்பிட்டவன். அத்தை ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தச் சாளைக்கு வந்தா எல்லாருக்கும் ஒரே மரியாதைதான் சாமி. முடியலைன்னா நீ வாசல்ல நின்னு பேசிட்டுப் போ" என்றார். இப்போது அக்கா என்கிறேன். முதல் தடவை அந்தச் சொல் வாயில் வர அவ்வளவு நேரமானது. அந்த அக்கா மட்டும் இன்னும் எங்கள் அத்தையை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுகிறார். அது இன்னும் மாறவில்லை.

மூன்று பேருக்கும் இரண்டு மாடு, எட்டு ஆடு, முக்கால் ஏக்கரில் சோளத்தட்டும் கொத்தமல்லியும், கால் ஏக்கரில் வீட்டுக்கு வேண்டிய காய். பால் பணம் வாரத்துக்கு ஒருமுறை வரும். வந்த அன்றைக்கே திண்ணையில் உட்கார்ந்து மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு தீவனத்துக்கும் மளிகைக்கும் எடுத்துவைக்கிறார்கள். கணக்கு எழுதுவது பனியன் கம்பெனி அக்கா. சண்டை வரும். மாடு விற்பதா வேண்டாமா என்று ஒருதரம் பதினொரு நாள் பேச்சு வார்த்தையே இல்லை. மூன்று பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் விற்றார்கள். பவுனாரை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாலாவதாக ஒரு சொந்தக்காரப் பெண் வந்து மூன்று மாதத்தில் போய்விட்டார். யார் முந்தி எழுவது, யார் சாணி அள்ளுவது என்பதில் ஒத்துவரவில்லை. இது எல்லோருக்கும் ஆகிவரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த மாதிரி நம் நாட்டில் பெரிய அளவில் நடந்ததற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, அந்தப் பகுதியில் வேலை செய்யப் போனவர்கள் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும். 1981-ல் லாப்டி என்கிற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களிடம் பேசி விலைக்கு வாங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பேரில். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படி நிலம் பெற்றன. ஆண் பேரில் இருந்தால் கடனுக்கும் குடிக்கும் போய்விடும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும்.

பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கேரளம். அங்கே 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் பெண்கள் சின்னச் சின்னக் குழுவாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்கிறார்கள். பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் அந்தக் குழுக்களைத் தனிக் குடும்ப விவசாயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கேரளத்தில் விளைச்சலிலும் லாபத்திலும் குழுக்களே மேல் என்று வந்தது. தெலங்கானாவில் விளைச்சல் அந்த அளவுக்கு இல்லை. ஆக, பெண்கள் சேர்ந்தால் மட்டும் போதாது. நிலமும் கடனும் ஆதரவும் எப்படிக் கிடைக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவாகிறது.

2015-16 விவசாயக் கணக்கெடுப்புப்படி, நாட்டில் நிலத்தைத் தன் பொறுப்பில் வைத்து விவசாயம் செய்கிறவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். எங்கள் ஊர்க் காட்டில் களை எடுப்பவர், கதிர் அறுப்பவர், மாடு பார்ப்பவர் எல்லாம் யார் என்று ஒருநாள் வந்து பாருங்கள். அப்புறம் அந்தக் கணக்கைப் படியுங்கள்.

"மகன் இருக்கறப்ப எதுக்குங்க இதெல்லாம்?" என்று ஊரில் கேட்கிறார்கள். மகன் பார்த்துக்கொண்டால் நல்லதுதான். ஆனால் கையில் பட்டா இருக்கிற அம்மாவை மகன் பார்த்துக்கொள்கிற விதமே வேறு, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "ஆம்பளைத் துணை இல்லாம பயமா இருக்காதா?" என்றும் கேட்கிறார்கள். தனியாக இருந்தபோது ராத்திரி நாய் குரைத்தால் அத்தை விடியும்வரை உட்கார்ந்திருப்பார். இப்போது மூன்று பேரும் டார்ச்சோடு வெளியே வந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள்.

டவுனில் இருக்கிற உங்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. உங்களில் பலபேருக்கு ஊரில் பங்கு நிலம் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை நோம்பிக்கு வந்து பார்ப்பீர்கள். கருவேலம் முளைத்துத் தரிசாகக் கிடக்கும், இல்லை சைட் போட ஆள் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நிலத்துக்கு உங்கள் அத்தையோ சின்னம்மாவோ எப்போதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். சட்டப்படி சிக்கல் இல்லை என்று வக்கீல் சொல்வார். அதற்கு மேல் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். பெண்பிள்ளைகளாக இருந்தால், அடுத்த தடவை அண்ணன் பட்டுச் சீலையோடு பத்திர ஆபீசுக்குக் கூப்பிடும்போது எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது என்றுதான் போன மாதம் வரை நினைத்திருந்தேன். மார்கழியில் ஒருநாள் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அத்தை கேட்டார்: "எம் பேர்ல எழுதுன, சரி. நாளைக்கு நான் கண்ணை மூடிட்டா எம் புள்ளைக்குப் போகும். இவங்க ரெண்டு பேரும் எங்க போவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் அத்தைக்கு என்ன செய்தேனோ, அதை அத்தை அவர்கள் இரண்டு பேருக்கும் செய்ய வேண்டும் என்று கேட்கிறார். அவர்கள் உயிரோடு இருக்கிறவரை அந்தச் சாளையில் இருக்கவும் நிலத்தில் பயிர் வைக்கவும் ஆயுள் பாத்தியம் எழுதலாம் என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்கிறார். அத்தை மகள் "அம்மா இஷ்டம்" என்றுவிட்டாள். மாப்பிள்ளைக்கு மனசில்லை. காலனிக்காரப் பெண் பேர் எங்கள் பூர்வீக நிலத்துப் பத்திரத்தில் ஏறுவதில் என் அம்மாவுக்கும் மனசில்லை. தம்பி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். நான் எடுக்கவில்லை.

தை முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அத்தை நாள் பார்த்து வைத்திருக்கிறார். அந்த அக்கா ஆதார் கார்டைத் தேடி எடுத்து, அரிசிப் பானைக்குள் பட்டாவோடு சேர்த்து வைத்துவிட்டார்.